துண்டுக்கடியில பிடிச்ச விரல்

வரல. அடிவயிறு முட்டிக்கிட்டு நிக்குது, ஆனா ஒரு சொட்டு வரல. வளர்மதியக்கா எனக்கு எதுத்தாப்புல கதவோரமா நிக்கிறாங்க, ஊக்கமருந்து சோதனைக்குன்னு அனுப்பி வச்ச நர்ஸம்மா, ஓட்டம் முடிஞ்ச நிமிசத்துல இருந்து என் நிழல் மாதிரி கூடவே வர்றாங்க. பனியனை நெஞ்சு வரைக்கும் சுருட்டிக்கணும், கீழ உள்ளதை முட்டி வரைக்கும் இறக்கணும், கப்பை நானே பிடிக்கணும், அதை அவங்க கண்ணு எடுக்காம பாத்துக்கிட்டே இருக்கணும், அதுதான் ரூலாம். எங்க ஊருல வயசுக்கு வந்த பிள்ளை பெத்த ஆத்தா முன்னால சேலை மாத்தக் கூசும். "பயப்படாதம்மா, நானும் பொம்பளைதானே, எத்தனை பேரைப் பாத்தாச்சு" அப்படிங்கிறாங்க. நல்ல மனுசிதான். ஆனா அவங்க பாக்குறது என் தொடையவா, என் முகத்தவா, நாடியில கெளம்பியிருக்குற பருவையான்னு தெரியல. எல்லாம் தெரிஞ்சு போச்சோ இவங்களுக்கு? நர்ஸுல்ல, ஒடம்பைப் பாத்தாலே கண்டுபிடிச்சிருவாங்கல்ல? சீ, அவங்க பாட்டுக்குக் கொட்டாவி விடுறாங்க. நான்தான் கெடந்து சாகுறேன். வரலைக்கான்னு சொன்னேன். "சரி வா, இன்னொரு பாட்டில் தண்ணி குடி, தானா வரும்" அப்படின்னாங்க. குடிச்சாத்தான வரும், வந்தாத்தான போகும், போனாத்தான முடியும். முடியத்தான் வேணாம்னு என் வயிறே இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு இருக்குன்னு இந்தக்காட்ட எப்படிச் சொல்றது.

திரும்ப வந்து அதே பிளாஸ்டிக் சேருல உக்காந்துட்டேன். சீல் உடைக்காத பாட்டிலா நானே பாத்து எடுத்துக்கணும், வேற யாரும் குடுத்தா வாங்கக்கூடாதாம். எம்புட்டுக் கவனமா இருக்காய்ங்க பாரு, தண்ணிக்கு. ஒரு டம்ளர் தண்ணிக்கு இம்புட்டுக் காவலு. சீலை உடைச்சு மடக்கு மடக்காக் குடிக்கிறேன். சந்தைக்கு ஓட்டிட்டு வர்ற ஆட்டுக்குச் சில ஆளுக உப்பைக் கரைச்சு ஊத்தி வயிறு முட்டத் தண்ணி காட்டுவாய்ங்க, எடை நிக்கணும்னு. ஆடு பானை கணக்கா உப்பிப்போயி நடக்க மாட்டாம நிக்கும். எங்க அப்பா அந்தப் பக்கமே திரும்ப மாட்டாரு. காறித் துப்புவாரு. "வாயில்லாத சீவனுக்குப் பொய் சொல்லத் தெரியாதுன்னு அது வயித்த வச்சுப் பொய் சொல்ல வைக்கிறாய்ங்க பாரு தாயி, வெளங்குவாய்ங்களா" அப்படிம்பாரு. அப்பா, இங்க வந்து பாருப்பா, உன் மக எப்படி உக்காந்திருக்கான்னு. மத்தியானம் வரைக்கும் எனக்கு ஒரு பயமும் இல்ல. வெளியில மைதானத்துல இன்னும் மைக்குல கத்துறாய்ங்க. எண்ணூறு மீட்டர் பெண்கள் இறுதிப்போட்டி, முதலிடம் ஒச்சம்மாள். என் பேருதான். குலசாமி பேரு. சத்துப் பவுடர் கம்பெனிக்காரன் நவநீதன் இருக்கானே, அவன் இந்தப் பேரு பழசா இருக்கு, 'மின்னல்'னு முன்னால சேத்துக்கலாமான்னு கேட்டான். எங்க அப்பா, சாமிக்கு முன்னால எதையும் சேக்கக்கூடாது, வேணும்னா பின்னால சேத்துக்கன்னுட்டாரு. அதனால போஸ்டருல 'ஒச்சம்மாள் மின்னல்'னு இனிஷியலு மாதிரி நிக்குது. காலேஜே சிரிச்சுச்சு. நானுந்தான் சிரிச்சேன். இப்பச் சிரிப்பு வந்தா நல்லாயிருக்கும்.

கடைசி வளைவுல நான் பறந்தேன். அது பொய்யில்ல. முன்னால மூணு பிள்ளைக ஓடுது, ஒவ்வொண்ணாத் தாண்டுறேன், மூச்சு வாங்கவே இல்ல, காலு எனக்கு முன்னாலயே போகுது, நான் பின்னாடியே போறேன். அப்பக்கூட நெனச்சேன், அட, இது என் காலுதானான்னு. சந்தோசத்துல நெனச்சேன். இப்ப அதையே நெனச்சா குப்புன்னு வேர்க்குது. இது என் காலுதானா? கோட்டைத் தாண்டி விழுந்ததும் பிரின்ஸியக்கா ஓடி வந்து தூக்குச்சு. எங்க காலேஜ் சீனியர், நாகர்கோவிலுப் பக்கம், ஈட்டி எறியும். போன வருசம் வரைக்கும் இதே 'பாய்ச்சல்' பவுடர் டப்பாவை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு பஸ் ஸ்டாண்டு சொவரெல்லாம் சிரிச்சது அந்தக்காதான். அதுக்கப்புறம்தான் நான். கட்டிப்பிடிச்சு முத்தங் கொடுத்துச்சு, "கொன்னுட்ட மக்ளே"ன்னுச்சு, அப்பத்தான் வளர்மதியக்கா வந்து என் தோளைத் தொட்டு, சோதனைக்கு வரணும்மான்னாங்க. நான் வர்றேன்க்கான்னு சாதாரணமாத்தான் கெளம்புனேன். பிரின்ஸியக்கா வெளையாட்டா, "உனக்கென்ன, நீ மோரு குடிச்சு வளந்தவ"ன்னுச்சு. நான், மோரு எங்கக்கா, மூணு மாசமா பாய்ச்சல்தான, காலையில ஒண்ணு ராத்திரி ஒண்ணுன்னேன். அந்த முகம். அந்தக்கா முகம் செத்துப்போச்சு. என் கையைப் பிடிச்சுத் தள்ளிக் கூட்டிட்டுப் போயி காதுல கேக்குது, "ஏ மக்ளே, நீ அத நெசமாவே குடிச்சியா?"

நெசமாவே குடிச்சியா. அந்த ஒரு கேள்வி மண்டைக்குள்ள கெடந்து குடையுது. குடிக்காம? விளம்பரத்துல என்ன சொன்னேன்? 'நான் தினமும் பாய்ச்சல் குடிக்கிறேன், நீங்க?' அப்படின்னுதான சொன்னேன். "அது சும்மா படத்துக்குல்லா! நாங்க எல்லாம் மோருல சாக்லேட்டுத் தூளைக் கலக்கிட்டுல்லா நிப்போம். ஒருத்தியாவது அத வாயில வச்சிருப்பாளா? அதுல என்னத்தயோ கலக்கி விக்கிறான்னு கிரவுண்டு முழுக்கப் பேச்சு." ஏன்க்கா என்கிட்டச் சொல்லலன்னு கேட்டேன். அந்தக்கா கண்ணுல தண்ணி நிக்குது. "நீ குடிப்பன்னு நான் கண்டனா?" அப்படிங்குது. அதும் மேல என்ன தப்பு? இந்த ஒலகத்துல விளம்பரத்துல சொன்னதை நெசம்னு செஞ்சவ நான் ஒருத்திதான் போல. இம்புட்டுப் பேருக்கும் தெரிஞ்சிருக்கு, டப்பாவை வாங்குறவய்ங்களுக்கும் விக்கிறவய்ங்களுக்கும் நடுவுல நின்னு சிரிக்கிறவ அதைக் குடிக்க வேண்டியதில்லைன்னு. எனக்கு யாரு சொல்லிக் கொடுத்தா? எனக்கு வேவாரம் சொல்லிக் கொடுத்தது எங்க அப்பா. அவருக்குத் தெரிஞ்ச வேவாரம் ஆட்டு வேவாரம்.

தண்ணி இன்னும் பாதி இருக்கு. சுவத்துல ஒரு போஸ்டரு, சுத்தமா வெளையாடுங்கன்னு ஒரு பொண்ணு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுது. அந்தப் பொண்ணாவது நெசமா வெளையாடுறவளா? இல்ல, சும்மா படத்துக்கா? நவநீதன் எங்க வீட்டுக்கு வந்த அன்னிக்கு வெயிலு. கழுத்துல கம்பெனி அட்டை, கையில காயிதம். அப்பா காயிதத்தை வாங்கவே இல்ல. தோள்ல கெடந்த துண்டை எடுத்து அவன் கை மேல போட்டாரு. அவன் பயந்து கையை உருவுறான். நான்தான் சொன்னேன், ஒண்ணுமில்ல சார், சந்தையில இப்படித்தான் விலை பேசுவாங்க, துண்டுக்கடியில விரலைப் பிடிச்சு, இத்தனை விரலுக்கு இத்தனைன்னு, பக்கத்துல நிக்கிறவனுக்குத் தெரியாதுன்னு. இங்க பக்கத்துல நின்னது நானும் அம்மாவும் கோழியுந்தான். அவனுக்கு ஒரு எழவும் புரியல. கூச்சத்துல நெளிஞ்சு சிரிக்கிறான். அப்பா விரலைப் பிடிச்சு அமுக்குறாரு, இவன் தலையை ஆட்டுறான், அப்பா இன்னொரு விரலை அமுக்குறாரு, அதுக்கும் ஆட்டுறான். துண்டை ஒதறித் தோள்ல போட்டு, முடிஞ்சதுன்னாரு. கம்பெனி கொடுக்கச் சொல்லி அவன் கொண்டு வந்ததுல பாதிக்கே எங்க அப்பா முடிச்சுட்டாருன்னு பின்னாடிதான் தெரிஞ்சுச்சு. அதை நான் அப்பாகிட்டச் சொல்லவே இல்ல. எம்புட்டுப் பெருமையா இருந்தாரு மனுசன். படிச்ச பயகிட்டப் பேசி மடக்கிட்டேன்ல, அப்படின்னு அம்மாவைப் பாத்து மீசையைத் தடவுனாரு. சந்தையில ஆட்டை வித்தாலும் கழுத்துக் கயிறைக் கழட்டி இடுப்புல சொருகிக்குவாரு, ஆடுதான் உனக்கு, கயிறு எனக்குன்னு. அன்னிக்கு மட்டும் கயிறைக் கழட்ட மறந்துட்டாரு.

அந்த விளம்பரப் படம் போன்ல வந்ததும் அப்பா திரும்பத் திரும்பப் போட்டுப் பாத்தாரு. அப்புறம் என்னைக் கூப்பிட்டுக் கேட்டாரு, "தினமும் குடிக்கிறேங்குற, குடிக்கிறியா தாயி?" நான் லேசாச் சொன்னேன், இல்லப்பா, சும்மா பிடிச்சுட்டு நிக்கச் சொன்னாங்க, உள்ள வெறுங் காப்பித்தண்ணிதான்னு. அவரு கத்தல. கத்தியிருந்தா நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், எங்களுக்குள்ள அது பழக்கந்தான். பேசாம உக்காந்திருந்தாரு. "நான் விரலைப் பிடிச்சுட்டேன்ல. கஞ்சி குடிக்காத குட்டியை நல்லாக் குடிக்கும்னு சொல்லி வித்ததில்ல தாயி நானு. உனக்குப் பிடிக்கலைன்னா சொல்லு, அந்தத் தம்பி காசை அப்படியே திருப்பிக் கொடுத்துருவோம்." திருப்பிக் கொடுக்கிறதா? அந்தக் காசுலதான என் ஷூ, என் ஹாஸ்டலு, அம்மாவோட கண்ணு ஆபரேசனு. சரிப்பா, குடிக்கிறேன்னேன். அவரு சொன்னதுக்காகக் குடிச்சேனா, காசுக்காகக் குடிச்சேனா, இல்ல அவரு அப்படிப் பேசாம உக்காந்திருந்ததைப் பாக்கச் சகிக்காமக் குடிச்சேனா? மொதநாளே கொமட்டுச்சு. வெனிலா வாசம், அதுக்கடியில மாத்திரையைப் பொடிச்சுப் போட்ட மாதிரி ஒரு கசப்பு. கோச் சாருகிட்டக் காட்டுனேன். அவரு டப்பாவைத் திருப்பிப் பாத்துட்டு, முழுக்க இயற்கைன்னு போட்டிருக்கேம்மா, நல்லாக் குடின்னாரு. டப்பாவுல போட்டிருந்ததை நாங்க எல்லாருமே நம்புனோம்.

பீரியட்ஸ் நின்னு போனது எப்பன்னு யோசிச்சுப் பாக்குறேன். தீவாளிக்கு அப்புறம் வரவே இல்ல. நிம்மதின்னு இருந்தேன், ஓட்டத்தன்னிக்கு வந்து தொலையுமேங்குற தொல்லை விட்டுச்சுன்னு. ஓடுற பிள்ளைகளுக்கு அப்படித்தான் ஆகும்னு ஹாஸ்டல்ல பேசிக்குவாளுக. அப்புறம் பரு. அப்புறம் மேலுதட்டுல முடி, பார்லருல அந்தப் பொண்ணு நூலை இழுத்துக்கிட்டே, என்னக்கா திடீர்னுன்னு கேட்டா. பொத்துக்கிட்டு வந்துச்சு கோவம், உன் வேலையைப் பாருடின்னு சொல்லிட்டேன். பாவம். அப்புறம் பசி. ராத்திரி எழுந்து பிரட்டைக் காய்ஞ்சதுன்னும் பாக்காமத் திங்கிற பசி. அப்புறம் டைம் கொறைய ஆரம்பிச்சுச்சு. வாரா வாரம் கொறையுது. ஓடி முடிச்சு வாட்சைப் பாக்குறேன், நம்ப முடியல, திரும்பவும் ஓடுறேன், அதே டைம். விடியக்காலை இருட்டுல எந்திரிச்சு, வாந்தி வர்ற வரைக்கும் மலையடிவாரத்துல மேடேறுனது யாரு? நான். காலு வீங்கி ஐஸ் பக்கெட்டுல விட்டுக்கிட்டு அழுதது யாரு? நான்தான். அப்ப ஜெயிச்சது யாரு?  அந்தக் கசப்பு எம்புட்டு, நான் எம்புட்டுன்னு பிரிச்சு எடுக்க முடியுமா? இந்தக் கப்புல பிடிச்சுக் கொண்டுபோயி மெசினுல வச்சாலும் அதைச் சொல்லாது. இருக்கு, இல்லைன்னு மட்டும் சொல்லும். இருக்குன்னுதான் சொல்லும். எனக்குத் தெரியும். என் தொண்டைக்கே தெரியும். போன வாரம் போன்ல அப்பா, "என்ன தாயி கொரல் கம்முது, சளி பிடிச்சிருக்கா?"ன்னு கேட்டாரு. ஆமாப்பான்னேன்.

இன்னிக்கு ஜெயிச்சா நேஷனல் கேம்ப், கேம்ப் முடிஞ்சா போலீஸ்ல வெளையாட்டுக் கோட்டாவுல வேலை. அப்பா இப்பவே சந்தையில சொல்லிக்கிட்டுத் திரியிறாரு, என் மக இன்ஸ்பெக்டரு ஆயிட்டா எவனாவது உப்புத்தண்ணி காட்டி ஆடு விக்க முடியுமாடான்னு. இனி எந்த மூஞ்சிய வச்சு அங்க நிப்பாரு? தடை போடுவாய்ங்களாம், வருசக்கணக்குல. மருந்து அடிச்சு ஓடுனவன்னு பேப்பருல போடுவாய்ங்க. நவநீதன் அடுத்த நாளே, எங்களுக்குத் தெரியாது, அந்தப் பொண்ணு வேற எதையாச்சும் தின்னிருக்கும்னுருவான். அது கூடப் பரவாயில்ல, நான் தாங்கிக்குவேன், என் ஒடம்பு, என் வாயி, நான் குடிச்சேன். ஆனா அப்பா கேப்பாரே, எதுனால தாயின்னு. என்னத்தைச் சொல்றது? நீ குடிக்கச் சொன்னதைத்தாம்ப்பா குடிச்சேன்னா? அதுக்கு அந்த மனுசன் அப்படியே தோட்டத்துக் கெணத்தைப் பாத்து நடந்துருவாரு. இல்ல, இல்ல, அப்படியெல்லாம் நெனைக்கக்கூடாது. தப்பிச்சு ஓடிரலாமா? வரமாட்டேன்னு சொன்னாலும் குத்தந்தானாம், பிரின்ஸியக்கா சொல்லுச்சு. சொல்லிட்டு, "உள்ள போயி ஒண்ணும் வாயத் தொறக்காத, கேட்டியா"ன்னுச்சு. 

வந்துருச்சு. சொல்லாமக் கொள்ளாம, அடக்க அடக்க வந்துருச்சு, ஓடாத கொறையா ஓடிப்போயி உக்காந்தேன். ஒடம்பு எப்பவும் என்னைக் கேக்குறதில்ல. வளர்மதியக்கா, "பாத்தியா, நான் சொல்லல?"ன்னு சிரிக்கிறாங்க. கப்பு வெதுவெதுன்னு இருக்கு கையில. நானே ரெண்டு பாட்டில்ல ஊத்துனேன், நானே மூடியைத் திருகுனேன், டிக் டிக்னு சத்தம் கேக்குற வரைக்கும் திருகணுமாம். திருகுனேன். அப்புறம் மேசைக்கு அந்தப்பக்கம் இருக்குற டாக்டரு கேட்டாரு, கடைசி ஒரு வாரத்துல ஏதாவது மாத்திரை, டானிக்கு, பவுடரு எடுத்திருக்கியாம்மான்னு. பிரின்ஸியக்கா சொன்னது காதுல இருக்கு. இல்ல சார்னு சொல்லிரலாம், ஒரு வார்த்தை. வாயைத் தொறந்தேன், பாய்ச்சல் சார், தினமும் ரெண்டு வேளைன்னு வந்துருச்சு. ஊருக்கே போஸ்டர் ஒட்டிச் சொன்னதை இவருகிட்ட மட்டும் எப்படி மறைக்கிறது? அவரு நிமிந்து என்னை உத்துப் பாத்தாரு. "அட, அந்த மின்னல் பொண்ணு நீதானா? பஸ் ஸ்டாண்டுல பாத்தேன்." சிரிச்சாரு. அப்புறம் சிரிப்பு நின்னு போச்சு. "நெசமாவே குடிக்கிறியா?"

நெசமாவே குடிக்கிறேன் சார். எழுதிக்கிட்டாரு. கையெழுத்துப் போட்டேன். ரிசல்ட் வர ஒரு மாசம் ஆகுமாம், அது வரைக்கும் நான் ஜெயிச்சவதான். கண்ணாடிக் கதவுக்கு வெளிய நவநீதன் டப்பாவும் டம்ளருமா நிக்கிறான், மெடலோட ஒரு வீடியோ எடுக்கணும்னு கையைக் கையை ஆட்டுறான். வளர்மதியக்கா என் போனைத் திருப்பிக் கொடுத்தாங்க. கொடுத்த கையோட அடிக்குது. அப்பா. பின்னால ஆடு கத்துற சத்தம், நாலஞ்சு பேரு விசிலடிக்கிற சத்தம். "தாயி! ஒச்சு! பாத்தேன் தாயி, போன்ல பாத்தேன், சந்தையே பாத்துச்சு! காலையில பவுடரு குடிச்சுட்டுத்தான் ஓடுன?" குடிச்சேன்ப்பா. "டேய், குடிச்சாளாம்டா! நான் சொல்லல? பேசுன வாக்கைக் காப்பாத்துனோம், அது நம்மளைக் காப்பாத்திருச்சு பாத்தியா!" அழுகுறாரு. எங்க அப்பா அழுது நான் பாத்ததில்ல, கேக்குறேன். ஏதாச்சும் பேசணும்னு, ஆமாப்பான்னு சொன்னேன்.  "என்னத்தா, கொரலு இன்னுங் கம்முது? அலைச்சலா இருக்கும். ராத்திரி படுக்கும்போது இன்னொரு டம்ளரு சூடாச் சேத்துக் குடி தாயி, சரியாப் போயிரும்."

சரிப்பா, குடிக்கிறேன்னேன்.